லிட்டருக்கு 14 தான் வருதுன்னா உங்க காலைக் குத்தம் சொல்லாதீங்க

வாசகி ஒருத்தர் எழுதின நீளமான கடிதம் இது, அடையாளம் எதுவும் தெரியாத மாதிரி சுருக்கிச் சொல்றேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சின்ன கார், 1.5 லிட்டர் டீசல், ஆறு வருஷ வண்டி, 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் ஆபீஸுக்கு போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர். கம்பெனி சொன்ன மைலேஜ் 23, இவங்களுக்கு கிடைக்கறது 14. மாசத்துக்கு ஒரு தடவை இவங்க வீட்டுக்காரர் அதே வண்டியை வெளியூருக்கு எடுத்துட்டுப் போறார், அவருக்கு 20 வருது. அதனால வீட்ல தினமும் ஒரே பேச்சு, "உனக்கு கால் கனம், மிதிச்சு மிதிச்சு டீசலை காலி பண்ற"ன்னு.

இன்னும் சில விஷயம் எழுதியிருக்காங்க, அதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்சிட்டுதான் வண்டியை எடுக்கறாங்க. இறக்கம் வந்தா நியூட்ரல். வேகம் 40 ஆனதும் அஞ்சாவது கியர். டெம்பரேச்சர் முள் மூணுல ஒரு பங்கை தாண்டினதே இல்ல, "ஹீட்டே ஆகாத இன்ஜின்"னு வீட்டுக்காரருக்கு பெருமை. ஆயிலும் குறையறதே இல்லையாம், போன வாரம் ஆயில் அளவு பார்க்கற கம்பியை எடுத்துப் பார்த்தா மேல் கோட்டையும் தாண்டி நின்னுச்சாம். சில நாள் சாவியை எடுத்த பிறகும் முன்னாடி ஃபேன் சத்தமா ஓடுது, ஏதோ கருகின வாடை வருது. மெக்கானிக் ஒருத்தர் சைலன்சர் லைன்ல இருக்கற ஃபில்டரை எடுத்துட்டு வண்டி கம்ப்யூட்டரோட ப்ரோக்ராமை மாத்திட்டா 5 கிலோமீட்டர் கூடும்னு சொல்றார். அதை பண்ணலாமா, இல்ல வண்டியை வித்துட்டு பெட்ரோல் வண்டிக்கு போயிடலாமாங்கறது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

மைலேஜை பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல அந்த ஆயில். அது நல்ல செய்தி இல்லைங்க. இன்ஜின் ஆயில் தானா கூடவே கூடாது, சர்வீஸ்ல அதிகமா ஊத்தி விட்டிருக்கணும், இல்லேன்னா ஆயில்ல வேற ஏதோ கலந்துட்டிருக்கணும். நீங்க சொல்ற மத்த அறிகுறியோட சேர்த்துப் பார்த்தா உங்க வண்டியில டீசல் போய் ஆயில்ல கலக்குதுன்னுதான் நான் சந்தேகப்படறேன். டீசல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும், பேரிங்குக்கும், இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற டர்போவுக்கும் வேண்டிய பிசுபிசுப்பு அதுல இருக்காது. ரொம்ப மேல ஏறிடுச்சுன்னா அந்த ஆயில் காத்து உள்ளே போற வழியா உறிஞ்சப்பட்டு, இன்ஜின் அதையே எரிபொருளா எடுத்துக்கிட்டு சாவியை எடுத்தாலும் நிக்காம தறிகெட்டு ஓடற ஆபத்து கூட உண்டு. அபூர்வமாதான் நடக்கும், ஆனா நடந்தா இன்ஜின் போச்சு. அதனால வண்டியை சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு, கம்பியை துடைச்சுட்டு மறுபடி விட்டுப் பாருங்க. இப்பவும் மேல் கோட்டுக்கு மேலதான் இருக்குன்னா ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க.

நான் டீசல் இன்ஜின் பார்க்க ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மைலேஜ் இல்லைன்னு வர்ற சின்ன டீசல் கார்ல பாதிக்கு மேல இதே கதைதான், ஓட்டறவங்க காலை சந்தேகப்படுவாங்க, இன்ஜின் சூடாகுதான்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை பதினாறு மடங்கு பக்கம் அமுக்கி அந்த சூட்டுலயே டீசலை பத்த வைக்குது, அதாவது சூடுதான் அதோட பிழைப்பே. வீணாகற சூடு கம்மிங்கறதாலதான் டீசல் மைலேஜ் தருது, அதே காரணத்தாலதான் அது சூடாகறதுக்கும் நேரம் எடுக்குது. நீங்க ஓட்டற 7 கிலோமீட்டர்ல உங்க இன்ஜின் எழுந்து சோம்பல் முறிக்கறதுக்குள்ள ஆபீஸ் வந்துடுது. உங்க வீட்டுக்காரர் ஓட்டறப்ப முதல் பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போக மீதி தூரமெல்லாம் சூடான இன்ஜின். அதே வண்டி, அதே டீசல், 14-க்கும் 20-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல பெரும் பங்கு இதுதான். நம்பலைன்னா ஒரு வாரம் அவரை உங்க ஆபீஸ் ரூட்ல ஓட்டச் சொல்லுங்க, அடுத்த வெளியூர் பயணத்துல நீங்க ஸ்டீயரிங்ல உக்காருங்க. கால் யாருக்கு கனம்னு அப்ப தெரிஞ்சுடும்.

ஹீட்டே ஆகாத இன்ஜின் நல்ல இன்ஜின் இல்ல

இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா சொல்லுங்க. முள் நடுவுல வந்து நிக்கணும், அதுதான் ஆரோக்கியம். கூலண்ட் ஓட்டத்தை கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன வால்வு இருக்கு, பொதுவா 80-90 டிகிரி பக்கம் வந்தாதான் அது திறக்கணும். அது திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் ஸ்டார்ட் பண்ணின நிமிஷத்துல இருந்து ரேடியேட்டர் அதை குளிர வச்சுட்டே இருக்கும், நீங்க எவ்வளவு ஓட்டினாலும் சூடு ஏறாது. வண்டியில இருக்கற கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாதான் இருக்குன்னு நினைச்சு, டீசலை கூடுதலா கொடுக்கும். வெளியூர் போறப்பவும் முள் மேல வரலைன்னா தெர்மோஸ்டாட் மேலதான் என் முதல் சந்தேகம், இது முள்ளோட கோளாறா நிஜமாவே சூடு ஏறலையாங்கறதை வண்டி கம்ப்யூட்டரை படிக்கற ஸ்கேனரை மாட்டி கூலண்ட் டிகிரியை பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். டீசலை பீய்ச்சற இன்ஜெக்டர் மாத்தணும், டர்போ மாத்தணும்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி இந்த சின்ன உருப்படியை பார்க்கச் சொல்லுங்க.

காலையில பத்து நிமிஷம் நிறுத்தி சூடு பண்றதை இன்னையோட விட்டுடுங்க. சுமை இல்லாம நிக்கற டீசல் இன்ஜின் லேசுல சூடாகாது, கரிதான் சேரும். கணக்கும் பார்த்துடுவோம். தினமும் 14 கிலோமீட்டர், லிட்டருக்கு 14, அப்ப ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். இந்த சைஸ் இன்ஜின் சும்மா நின்னா மணிக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கும், ஜில்லுனு இருக்கறப்ப இன்னும் கொஞ்சம் கூட. பத்து நிமிஷத்துக்கு சுமாரா 100 மில்லி. அதாவது உங்க ஒரு லிட்டர்ல பத்துல ஒரு பங்கு வண்டி வாசலை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே போயிடுது. அதை மட்டும் நிறுத்தினாலே 14 வந்து 15.5 ஆயிடும், வேற எதுவும் மாத்தாம. ஸ்டார்ட் பண்ணுங்க, அரை நிமிஷம் விடுங்க, கிளம்புங்க, முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் விரட்டாம மெதுவா போங்க, அவ்வளவுதான்.

அந்த ஃபேன் சத்தமும் கருகின வாடையும்

மெக்கானிக் எடுக்கணும்னு சொல்ற ஃபில்டரை டிபிஎஃப்னு சொல்லுவாங்க, புகையில வர்ற கரித்தூளை பிடிச்சு வைக்கறதுதான் அதோட வேலை. அது நிறைஞ்சதும் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலை அனுப்பி, ஃபில்டரை 600 டிகிரி பக்கம் சூடாக்கி, சேர்ந்த கரியை எரிச்சு சாம்பலாக்கும். இதுக்கு வண்டி தொடர்ந்து பத்து இருபது நிமிஷமாவது ஓடணும். அந்த நேரத்துல வண்டி நிக்கறப்ப இன்ஜின் சுத்தற வேகம், அதாவது ஐடில் ஆர்பிஎம், லேசா கூடும், டேஷ்போர்டுல மைலேஜ் இறங்கும், சிக்னல்ல இன்ஜினை தானா அணைக்கற ஸ்டார்ட் ஸ்டாப் இருந்தா அது வேலை செய்யாது. நடுவுல நீங்க ஆபீஸ் வந்துட்டுதுன்னு சாவியை எடுத்துடறீங்க, அப்பதான் ஃபேன் ஓடுது, வாடை வருது. எரிக்கறதுக்குன்னு அனுப்பின டீசல்ல ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு கீழே ஆயில்ல சேருது. மறுநாள் மறுபடியும் ஆரம்பிக்குது, மறுபடியும் பாதியில நிக்குது. ஒவ்வொரு தடவையும் டீசல் வீணாகுது, ஆயில் ஏறுது, கரி மட்டும் அங்கேயே இருக்கு. உங்க மைலேஜ் எங்க போகுதுன்னு தேடினீங்களே, அதுல ஒரு பங்கு இங்கதான் போயிட்டிருக்கு.

இனிமே ஃபேன் சத்தமோ வாடையோ தெரிஞ்சா, முடிஞ்சா வண்டியை ஆஃப் பண்ணாம இன்னொரு பதினஞ்சு நிமிஷம் ஓட்டி முடிச்சுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஆயில் மாத்தி, தெர்மோஸ்டாட்டை சரி பண்ணி, ஸ்கேனர் வழியா ஒரு தடவை முழுசா எரிய விடச் சொல்லுங்க. இந்த வரிசை முக்கியம். கெட்டுப்போன ஆயிலோட ஃபில்டரை எரிக்க வைக்கறது தப்பு. ஆயில் மாத்தறப்ப கம்பெனி புக்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அதையே ஊத்தணும், டிபிஎஃப் இருக்கற வண்டிக்கு சாம்பல் கம்மியா விடற ஆயில்னு தனியா இருக்கு, கெட்டியான ஆயில் நல்லதுன்னு யாரோ சொல்றதை கேட்டு மாத்தினா மைலேஜும் குறையும் ஃபில்டரும் அடைக்கும்.

ஃபில்டரை எடுத்துடலாமா?

வேண்டாம். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த 5 கிலோமீட்டர் வாக்குறுதியை எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்க, கொடுக்க மாட்டாங்க. ஃபில்டரை எடுத்தா எரிக்கற டீசல் மிச்சமாகுங்கறது உண்மை, ஆனா உங்க இன்ஜின் குளிர்ச்சியாவே ஓடற பிரச்சினை அப்படியே இருக்கும், நீங்க காசு கொடுத்து அறிகுறியை மட்டும் அழிச்சிருப்பீங்க. பல நாடுகள்ல இது சட்டப்படி குத்தம், புகை சோதனையில வண்டி ஃபெயில் ஆகலாம், வாரண்டி மிச்சம் இருந்தா அது போகலாம், சொல்லாம மாத்தின வண்டிக்கு இன்சூரன்ஸ் கேக்கறப்ப கம்பெனி மறுக்க காரணம் கிடைச்சுடும். நாளைக்கு விக்கறப்ப வாங்கறவர்கிட்ட இதை மறைச்சீங்கன்னா அந்தப் பொறுப்பும் உங்க தலைமேலதான். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். டீசல் புகை மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே உறுதியா வகைப்படுத்திட்டாங்க. அந்த ஃபில்டர் பிடிச்சு வைக்கற தூள் உங்க வண்டிக்குப் பின்னாடி நடந்து போற குழந்தையோட நெஞ்சுக்குள்ள போக வேண்டியது. எனக்கு இந்த விஷயத்துல சமரசமே கிடையாது, என் ஒர்க்‌ஷாப்ல யாருக்கும் இதை நான் பண்ணினதில்ல.

எந்த ஒர்க்‌ஷாப்புக்கு போனாலும் உங்களுக்கு கேக்கற உரிமை இருக்குங்க. என்ன கோளாறுன்னு ஸ்கேன் ரிப்போர்ட்டை காட்டச் சொல்லுங்க, மாத்தின பழைய பார்ட்ஸை கையில கொடுக்கச் சொல்லுங்க, பில்லை பத்திரமா வைங்க. வண்டிக்கு உடமைக்காரர் நீங்க, தயங்கவே வேண்டாம்.

நியூட்ரலும் அஞ்சாவது கியரும்

நியூட்ரல்ல போனா டீசல் மிச்சம்னு ரொம்ப பேர் நம்பறாங்க, பழைய இன்ஜினோட பழக்கம் அது. இன்னைக்கு இருக்கற டீசல் வண்டியில கியர்ல இருக்கறப்ப ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா இன்ஜெக்டர் சுத்தமா மூடிக்கும், வண்டி உருளறதே இன்ஜினை சுத்த வைக்கும், செலவு பூஜ்யம். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் நிக்காம இருக்கறதுக்காகவே டீசல் எரிக்கணும். ரொம்ப லேசான சரிவுல நியூட்ரல்ல கொஞ்ச தூரம் கூட உருளும், அதுல ஒரு துளி மிச்சமாகலாம், அதை நான் மறுக்கல. ஆனா நல்ல இறக்கத்துல இன்ஜின் பிடிப்பு இல்லாம பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினா பிரேக் ரொம்ப சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். அப்படி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கேன், வண்டியை மட்டும் பார்த்தா போதும்னு இருந்த நாளும் உண்டு, ஓட்டினவரை ஆஸ்பத்திரியில போய் பார்த்த நாளும் உண்டு. இறக்கத்துல சாவியை அணைக்கறது அதை விட மோசம், பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கை விட்டுடும், ஸ்டீயரிங் லாக் விழற வண்டியும் இருக்கு. உங்க வீட்டுக்காரரும் இதை பண்றார்னா இந்த ஒரு பத்தியை மட்டுமாவது அவருக்கு படிச்சுக் காட்டுங்க.

40-ல அஞ்சாவது கியர் போடறதுல உங்க நோக்கம் நல்லதுதான். சீக்கிரம் மேல் கியர் போடறது டீசலுக்கு சரியான பழக்கம், ஆனா ஒரு எல்லை இருக்கு. இந்த மாதிரி இன்ஜின் 1500-ல இருந்து 2200 ஆர்பிஎம் வரைக்கும் சந்தோஷமா இழுக்கும். 40-ல அஞ்சாவதுல அது ஆயிரத்து சொச்சத்துல திணறிட்டு இருக்கும், நீங்க கொஞ்சம் மிதிச்சாலும் உடம்பெல்லாம் அதிரும், டர்போ காத்து போதாம கரி அள்ளிக் கொட்டும், அந்தக் கரி எங்க போகும்னு இப்ப உங்களுக்கு தெரியும். சுமாரா 2000-ல கியர் மாத்துங்க, இழுக்க வேண்டிய இடத்துல 1300-க்கு கீழ விடாதீங்க. கிளம்பறப்ப முட்டை மேல கால் வைக்கற மாதிரி ரொம்ப பயந்து பயந்து மிதிக்கவும் வேண்டாம், ஓரளவு அழுத்தி வேகமா மேல் கியருக்கு போயிட்டு அங்க நிதானமா இருங்க, டீசல் இன்ஜினுக்கு அந்த மாதிரி சுமைதான் பிடிக்கும். சிக்னல் சிவப்பா இருக்குன்னு தூரத்துலயே தெரிஞ்சா கியர்ல வச்சே காலை எடுத்துடுங்க. பிரேக் மிதிக்கற ஒவ்வொரு தடவையும் நீங்க காசு கொடுத்து வாங்கின வேகத்தை சூடா மாத்தி காத்துல விடறீங்க.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு சொல்லணும். வெளியூர் ரோட்ல 80-க்கு பதிலா 110-ல போனா காத்து தள்ளற எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆயிடும், அவருக்கு வர்ற 20-ஐ கூட்டணும்னா கை வைக்க வேண்டிய இடம் அதுதான். மேல சும்மா கேரியர் மாட்டி வச்சிருந்தா கழட்டி வைங்க. பெரிய வண்டிக்குப் பின்னாடி ஒட்டிப் போனா காத்து தடுக்கும்னு போறவங்க இருக்காங்க, அது உயிரை பணயம் வைக்கற வேலை. நீண்ட தூரம் வேகமா ஓட்டிட்டு வந்து நிறுத்தறப்ப மட்டும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, டர்போவுக்கு நல்லது.

டயர் காத்தும் பாருங்க, ஆனா அதுல மந்திரம் இல்ல. நாலு டயர்லயும் 10 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 2 சதவீதம்தான் குறையும், டயர் தேய்மானமும் பிரேக் பிடிக்கற தூரமும்தான் அதுல பெரிய நஷ்டம். டயர் குளிர்ச்சியா இருக்கறப்ப, கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற அளவுக்கு அடிங்க, அதுக்கு மேல வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வண்டிங்கறதால இன்னொண்ணு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கு பக்கத்துலயும் கையை கொண்டு போய் பாருங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப சுட்டா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதுன்னு அர்த்தம். டேங்க்ல ஊத்தற பாட்டில் மருந்துக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க, அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க.

23-ங்கற நம்பரும் விக்கற யோசனையும்

அந்த 23 பொய்யில்ல, ஆனா அது சோதனைக்கூடத்துல உருளை மேல ஓட்டி எடுத்த நம்பர். உதாரணத்துக்கு ஐரோப்பாவுல ரொம்ப வருஷம் இருந்த பழைய டெஸ்ட்ல மொத்தமே 11 கிலோமீட்டர், 20 நிமிஷம் கூட இல்ல, ஏசி கிடையாது, மேடு கிடையாது, இன்ஜினும் 20 டிகிரிக்கு மேல இருக்கற அறையில நின்ன இன்ஜின். 2017-ல இருந்து அங்க கடுமையான டெஸ்ட் வந்துச்சு, 23 கிலோமீட்டர், 30 நிமிஷம், அதுலயும் ஏசி கிடையாது. அதனால ரோட்ல 23-ஐ துரத்தாதீங்க. உங்க 14-ம் சரியான 14 தானான்னு பார்க்கணும், டேஷ்போர்டு காட்டறது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஒரே பெட்ரோல் பங்க்ல, ஒரே மாதிரி முதல் கிளிக் வரைக்கும் ஃபுல் டேங்க் அடிச்சு, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, அடுத்த ஃபுல் டேங்க்ல வகுத்துப் பாருங்க. ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க, மூணு டேங்க் சராசரி எடுங்க.

நான் சொன்னதெல்லாம் பண்ணினா உங்க ஆபீஸ் ரூட்ல 16, 17 வரைக்கும் எதிர்பார்க்கலாம். கேக்க சின்னதா இருக்கலாம், ஆனா 14-ல இருந்து 17-க்கு போனா 100 கிலோமீட்டருக்கு 1.26 லிட்டர் மிச்சம், அவர் 20-ல இருந்து 23-க்கு போனா 0.65 லிட்டர்தான். அதே 3 கிலோமீட்டர், உங்க பக்கம் மிச்சம் ரெண்டு மடங்கு பக்கம்.

விக்கறதா வேண்டாமாங்கறதுக்கு நான் உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை இந்த வண்டியை 30, 40 நிமிஷம் நிக்காம ஒரே சீரா, 2000 ஆர்பிஎம் பக்கம் ஓட்ட உங்களால முடியுமா? அதுவும் வேலையோட வேலையா, வெட்டியா டீசல் எரிக்கறதுக்குன்னு இல்லாம? முடியும்னா ரிப்பேர் பண்ணிட்டு வச்சுக்கோங்க, நல்ல இன்ஜின் அது, 85,000 எல்லாம் அதுக்கு வயசே இல்ல. மாசத்துக்கு ஒரு தடவைதான் முடியும்னா நேர்மையா சொல்றேன், இந்த வண்டி உங்க வாழ்க்கைக்கு பொருந்தாத வண்டி. 7 கிலோமீட்டருக்கு சின்ன பெட்ரோல், வீட்ல சார்ஜ் போட வசதி இருந்தா எலக்ட்ரிக், ரெண்டுமே இதை விட சரியா இருக்கும். விக்கறதா இருந்தாலும் ஆயிலும் தெர்மோஸ்டாட்டும் சரி பண்ணிட்டு, நடந்ததை வாங்கறவர்கிட்ட சொல்லி, தூரமா ஓட்டறவரா பார்த்துக் கொடுங்க.

ஆயில் மாத்தறப்ப பழைய ஆயிலை வடிச்சு எவ்வளவு வந்துச்சுன்னு அளக்கச் சொல்லுங்க, புக்ல போட்டிருக்கற அளவை விட எவ்வளவு கூட இருந்துச்சோ அதை குறிச்சு வைங்க. அந்த நம்பரையும், தெர்மோஸ்டாட் மாத்தின பிறகு முள் எங்க நிக்குதுங்கறதையும் எனக்கு எழுதுங்க, அடுத்து என்ன பார்க்கணும்னு அதை வச்சு சொல்றேன்.